வெண்கல மிளகாய்க்கு ஏன் நாக்கு ஊறுகிறது

சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளக வளாகத்தில் ஒரு சிவப்பு மிளகாய் இருக்கிறது. ஆளைவிடப் பெரியது, வெண்கலத்தில் வார்த்தது. மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் குமாரி நாகப்பனின் படைப்பு. பெயர் ‘பெடாஸ் பெடாஸ்’, மலாயில் ‘காரம் காரம்’. அதில் காரமும் கிடையாது, வாசமும் கிடையாது. ஆனால் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், வாயில் எச்சில் ஊறும். கண் ஒன்றைப் பார்க்கிறது, நாக்கு பதில் சொல்கிறது.

இந்தச் சின்ன விஷயத்துக்குள் கலையைப் பற்றிய ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. ஓவியம், சிற்பம், ஆட்டம், மேளம் எதுவானாலும் நம்மை வந்தடைய புலன்களைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் ஒரே படைப்பை இருவர் பார்க்கும்போது ஒருவர் கண்கலங்குகிறார், மற்றவர் கைத்தொலைபேசியை எடுத்து மணி பார்க்கிறார். இருவருக்கும் கண்ணும் காதும் சரியாகத்தான் வேலை செய்கின்றன. பிறகு எங்கே வித்தியாசம்?

முதலில் மிளகாய். காரம் என்பது சுவையே இல்லை என்கிறது அறிவியல். அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் அடையாளம் கண்ட ஒரு நரம்பு ஏற்பி, சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டுக்கும், மிளகாயில் இருக்கும் கேப்சைசினுக்கும் ஒரே மாதிரிதான் விழித்துக்கொள்கிறது. காரம் பட்டால் ‘எரியுது’ என்று நாம் சொல்வது வெறும் பேச்சுவழக்கு இல்லை, நரம்பும் அதையேதான் சொல்கிறது. தொடுவுணர்வின் ஏற்பிகளைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்ந்து ஜூலியசுக்கு 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது. இன்னொரு பக்கம், 2006இல் வெளியான ஸ்பானிய ஆய்வு ஒன்று, லவங்கப்பட்டை, பூண்டு போன்ற மணமுள்ள பொருள்களின் பெயர்களை வாசித்தாலே மூளையில் வாசனையைக் கையாளும் பகுதிகள் வேலை செய்யத் தொடங்குகின்றன என்று காட்டியது. மூக்குக்கு எதுவும் எட்டாமலேயே இது நடக்கிறது. அப்படியென்றால் வெண்கலத்துக்கு வாய் ஊறுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் இது எல்லாருக்கும் நடக்காது. மிளகாய் தின்று பழகிய நாக்குக்குத்தான் நடக்கும். இதே குமாரி நாகப்பன் ஆர்ச்சர்ட் சாலை ஐயன் கடைத்தொகுதியின் முன்னால் ஜாதிக்காயையும் ஜாதிபத்திரியையும் பெரிய வெண்கலச் சிற்பமாக வைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வட்டாரம் முழுக்க ஜாதிக்காய்த் தோட்டங்கள். நோய் தாக்கித் தோட்டங்கள் அழிந்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகிறது. தோட்டத்தின் வாசனையை அறிந்தவர் யாரும் இன்று இல்லை. அதனால் கடைக்கு வருகிற பெரும்பாலோருக்கு அது அழகான வடிவம், படம் எடுக்க வசதியான இடம், அவ்வளவுதான். பிரியாணிக்கு ஜாதிபத்திரி வறுத்துப் பழகியவர் அதைப் பார்ப்பதே வேறு. ஒரே கலைஞர், ஒரே உலோகம், ஏறக்குறைய ஒரே உத்தி. மிளகாய் நாவைத் தொடுகிறது, ஜாதிக்காய் கண்ணோடு நின்றுவிடுகிறது. பார்க்கிறவரின் உடம்பில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். கலையும் உணர்ச்சியும் பற்றிப் பேசும்போது படைப்பாளியின் திறமையைப் பற்றியே அதிகம் பேசுகிறோம், இந்தப் பாதியை விட்டுவிடுகிறோம்.

புலன்களுக்குள் கண்ணுக்கு இவ்வளவு உயர்ந்த இடம் எப்படிக் கிடைத்தது? தொல்காப்பிய மரபியலின் வரிசை வேறு. உயிர்களை அறிவால் தரம் பிரிக்கும் அந்தப் பகுதி உடம்பால் தொட்டு அறிவதில் தொடங்குகிறது. அடுத்து நாக்கு, பிறகு மூக்கு, அப்புறம்தான் கண், கண்ணுக்குப் பின் செவி, கடைசியில் மனம். புல்லுக்கும் மரத்துக்கும் இருப்பது தொடுவுணர்வு. நம்மிடம் இருப்பதிலேயே மிகப் பழையது அதுதான். அரும்பொருளகங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. அவையும் தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. 1683இல் திறக்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியனில் பார்வையாளர்கள் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். 1710இல் அங்கே போன ஜெர்மானியப் பயணி ஒருவர், வருகிறவர்கள் கண்டதையெல்லாம் பிடித்து இழுக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டு எழுதிவைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் கண்ணாடிப் பெட்டியும் ‘தொடாதீர்’ பலகையும் வழக்கமாயின. அதற்கு நியாயமும் உண்டு. கைவியர்வையும் எண்ணெய்ப்பசையும் துணியையும் உலோகத்தையும் அரிக்கும். ஆயிரம் பேர் தடவிய சேலை மிஞ்சாது. காப்பாற்றினோம், சரி. அந்தக் காப்பில் எதை இழந்தோம் என்று கலைஞர்கள் கேட்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டவர் அமாண்டா ஹெங். 1996இல் அவர் தொடங்கிய ‘லெட்ஸ் சாட்’ என்ற படைப்பில் ஒரு மேசை, தேநீர், ஒரு குவியல் முளைப்பயறு. வருகிறவர்கள் உட்கார்ந்து முளைப்பயற்றின் வாலைக் கிள்ளியபடி அவரோடு பேச வேண்டும். கலைப்பொருள் என்று சுட்ட அங்கே ஒன்றும் இல்லை. கை ஒரு வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும் என்பது கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை பேசிய எந்த வீட்டுக்கும் தெரியும். அதைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். ‘இது கலையா?’ என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டபடியே கிள்ளிக்கொண்டிருந்தார்கள் என்றால் படைப்பு நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

அதே காலத்தில் அவர் எடுத்த ‘அனதர் வுமன்’ புகைப்பட வரிசை இதைவிட ஆழமானது. அவரும் அவர் தாயாரும் அதில் இருக்கிறார்கள். வளர்ந்த மகளும் வயதான தாயும் ஆடையின்றி அணைத்துக்கொண்டிருக்கும் படமும் அதில் உண்டு. தாயார் தியோச்சூ என்ற சீன வட்டாரமொழி பேசிய தலைமுறை. 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிய பிறகு சீனக் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோரின் வட்டாரமொழி பிள்ளைகளின் வாயிலிருந்து கழன்றுபோனது. மொழி மெலிந்த இடத்தில் தொடுகை என்ன செய்யும் என்று அந்தப் படங்கள் பார்க்கின்றன.

நம் வீடுகளுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. பாட்டி தமிழில் கேட்க, பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, நடுவில் அம்மா மொழிபெயர்க்கும் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தை எல்லாரும் பார்த்திருப்போம். அங்கே பேரனின் தலையைக் கோதிவிடும் கைக்குத்தான் மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

கோதுவதற்கென்றே உடம்பில் தனி நரம்புகள் இருக்கின்றன. ரோமம் உள்ள தோலில் பரவியிருக்கும் ஒருவகை மெல்லிய நரம்பிழைகள், நொடிக்கு ஒரு செண்டிமீட்டரிலிருந்து பத்து செண்டிமீட்டர் வரையிலான மெதுவான வருடலுக்கே அதிகம் விழிக்கின்றன. குழந்தையைத் தூங்கவைக்கும் கையின் வேகம் அதுதான். நோயால் வழக்கமான தொடுவுணர்வு நரம்புகளை இழந்த ஒரு பெண்ணைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2002இல் சோதித்தார்கள். எங்கே, எப்படித் தொட்டார்கள் என்று அவரால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் மெல்ல வருடியபோது ஏதோ இதமாக இருக்கிறது என்றார். தகவல் ஒரு பாதையில் போகிறது, பாசம் வேறு பாதையில் போகிறது. ‘தொடாதீர்’ பலகை இரண்டாவது பாதையையும் சேர்த்துத்தான் அடைக்கிறது.

உடம்பை நேராக முன்வைக்கும் கலைக்கு இங்கே சிக்கலான வரலாறும் உண்டு. 1994 தொடக்கத்தில் ஒரு நிகழ்த்துகலைச் சம்பவம் சர்ச்சையானதும், அவ்வகைக் கலைக்கு அரசு நிதியுதவி நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. அமாண்டா ஹெங்கின் மேற்சொன்ன படைப்புகள் அந்த இடைவெளியில் பிறந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். 2010இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கொடுத்தார்கள்.

வாசனைக்கு வருவோம். மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் நடுவே தாலமஸ் என்ற சந்திப்பில் நின்று பிரிந்து போகின்றன. வாசனை அங்கே நிற்காமல், அச்சமும் பற்றும் நினைவும் உருவாகும் பகுதிகளுக்கு ஏறக்குறைய நேராகவே போய்விடுகிறது. எதன் வாசனை என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே மனசு கனத்துவிடுவது இதனால்தான். லிட்டில் இந்தியா பெலிலியோஸ் லேனில் கிளிசோதிடர், பூக்கட்டுபவர் என்று பழைய தொழில்களைத் தீட்டிய பெரிய சுவரோவியம் ஒன்று உண்டு. நல்ல ஓவியம்தான். ஆனால் அங்கிருந்து நடந்து பூக்கடைப் பக்கம் திரும்பினால், மல்லிகை மணம் அந்தச் சுவர் முழுக்கச் சொல்ல முயன்றதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. இப்படிச் சொல்வது ஓவியருக்கு அநியாயம், தெரியும். அவர் கையில் இருந்தது சாயம் மட்டுமே.

வாசனையையே சாயமாக எடுத்தவர்களும் இருக்கிறார்கள். நார்வேயைச் சேர்ந்த சிசெல் தோலாஸ், அச்சக் கோளாறு உள்ள ஆண்களின் வியர்வை மணத்தை ஆய்வகத்தில் மீண்டும் உருவாக்கிச் சுவர்ச்சாயத்தில் கலந்தார். சுவரைத் தேய்த்தால் பயம் மணக்கும். இப்படியான படைப்புகள் அபூர்வமாகவே இருப்பதற்குக் காரணம் எளிது: வாசனையைச் சட்டம் போட்டு மாட்ட முடியாது, பக்கத்து அறைக்குப் போகாமல் நிறுத்தவும் முடியாது. டுரியானை எம்ஆர்டி ரயிலில் ஏற்றாதே என்று பலகை வைத்திருக்கும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒலியைப் பற்றிப் பேசினால் எஸ்பிளனேட் கச்சேரி மண்டபத்தில் தொடங்குவதுதான் வழக்கம். 2002இல் திறந்த அந்த மண்டபத்தின் ஒலியமைப்பு ரஸல் ஜான்சனுடையது, உலகத்தரம். (நம் கர்நாடகக் கச்சேரிகளில் எப்படியும் ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவோம் என்பது வேறு விஷயம்.) நான் உருமியில் தொடங்குகிறேன்.

உருமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் உரசும்போது எழும் உறுமலை முதலில் வாங்குவது நெஞ்சுக்கூடு என்று தோன்றும். அதில் உண்மை உண்டு. தோலுக்கு அடியில் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளுக்கு அவை மிகக் கூர்மை. சிறுவயதிலேயே செவித்திறனைப் பெரிதும் இழந்த ஸ்காட்லாந்துத் தாளக் கலைஞர் எவலின் கிளெனி, மேடையில் வெறுங்காலோடு நின்று தரையின் அதிர்வை உடம்பால் வாங்கி வாசிக்கிறார். கேட்பதும் ஒருவகையில் தொடப்படுவதுதான்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோவில் வரை காவடிகள் போகின்றன. 1973 முதல் அந்த வழியில் இசைக்கருவிகளுக்குக் கட்டுப்பாடு இருந்தது. 2016இல்தான் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது சத்தம், ஒழுங்கு பற்றிய பிரச்சினை. காவடி சுமக்கிறவருக்கோ, அந்தத் தாளம் இல்லாத கிலோமீட்டர் நீளமானது. கூட நடப்பவர்கள் ‘வேல் வேல்’ என்று குரல் கொடுத்து அந்த இடைவெளியை அடைத்தார்கள்.

பக்திச் சடங்கைக் கலைக் கட்டுரையில் எதற்கு இழுக்கிறேன் என்று கேட்கலாம். உணர்ச்சி ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு எப்படிப் போகிறது என்பதை ஆய்வாளர்கள் நன்றாக அளந்தது இப்படியான இடங்களில்தான். ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற ஊரில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. மிதித்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் இதயத்துடிப்பு அளவி கட்டிப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவு இது: தீ மிதிக்கிறவரின் துடிப்போடு, வெளியே நின்று பார்த்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் சேர்ந்து ஏறி இறங்கியது. அறிமுகம் இல்லாத பார்வையாளர்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரே நெருப்பு, ஒரே சத்தம், ஒரே இரவு. அப்புறம் 2013இல், மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை ஆராய்ந்தவர்கள், கடும் காவடி எடுத்தவர்கள் மட்டுமல்லாமல் அவர்களோடு கூட நடந்தவர்களும் தாராளமாக நன்கொடை கொடுத்ததைப் பதிவு செய்தார்கள்.

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில் தீமிதியில், தன் தம்பி இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அக்காவுக்கு இந்த ஆய்வு புதிதாக ஒன்றும் சொல்லாது. கலையைப் பற்றி யோசிப்பவருக்குச் சொல்லும். புலனுக்கு வந்துசேரும் செய்தி எல்லாருக்கும் ஒன்றுதான், அது எங்கே போய்ச் சேரும் என்பதை முன்பிருந்த உறவு தீர்மானிக்கிறது. ஆள் மேல் உள்ள உறவாகவும் இருக்கலாம், அந்தக் கலையின் மேல் உள்ள உறவாகவும் இருக்கலாம்.

இரண்டாவது வகைக்கு ஆட்டம்தான் நல்ல சாட்சி. லண்டனில் 2005இல் பாலே கலைஞர்களையும், பிரேசிலின் கப்போய்ரா ஆடுபவர்களையும் மூளை வருடியில் (ஸ்கேனரில்) படுக்கவைத்து இரண்டு ஆட்டங்களின் காணொளிகளையும் காட்டினார்கள். அவரவர் பயின்ற ஆட்டத்தைப் பார்த்தபோதுதான் உடலசைவைத் திட்டமிடும் பகுதிகள் அதிகம் இயங்கின. பார்த்துப் பார்த்துப் பழகியதால் இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. பாலேயில் ஆணுக்கென்றும் பெண்ணுக்கென்றும் தனி அசைவுகள் உண்டு. இருவரும் மற்றவர் அசைவைத் தினமும் பார்ப்பார்கள், ஆடமாட்டார்கள். மறு ஆண்டு அதை வைத்தே சோதித்தார்கள். தான் ஆடிய அசைவுக்கே மூளை கூடுதலாக இசைந்தது. சின்ன வயதில் ‘தை யா தை’ என்று தட்டிக் கால்வலித்து, தொடக்கநிலை ஆறோடு வகுப்பை விட்டுவிட்ட பெண் இன்று எஸ்பிளனேடில் அரைமண்டியைப் பார்க்கும்போது அவள் தொடையும் சேர்ந்துதான் வலிக்கிறது. பெற்றோர் போட்ட காசு வீண் போகவில்லை.

இந்தப் பின்னணியில் சாந்தா பாஸ்கர் செய்ததை நினைக்கத் தோன்றுகிறது. கே.பி. பாஸ்கர் 1952இல் தொடங்கிய நாட்டியப் பள்ளியில் வந்து சேர்ந்த அவர், 1958இல் சீனர்களின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையைப் பரதநாட்டியமாக அமைத்தார். முத்திரைகளையோ அடவுகளையோ அறியாத சீனப் பார்வையாளருக்கு அவர் விளக்கக் குறிப்பு கொடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை. அவர்கள் ஏற்கெனவே அழுதிருக்கும் கதையை எடுத்து, அதன் மேல் தன் ஆட்டத்தை ஏற்றினார். இன நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்றே இதை வழக்கமாகச் சொல்கிறார்கள். அழகியல் தீர்வாகப் பார்த்தால்தான் அதன் கெட்டிக்காரத்தனம் புரியும்.

இப்போது புலன்களைப் பற்றிப் பேசினால் இங்கே பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது ஒளிநிறைந்த எண்ணிம (டிஜிட்டல்) அறைகள். மரினா பே சேண்ட்சின் தாமரை வடிவக் கட்டடத்தில் ஜப்பானின் டீம்லேப் குழு 2016இல் அமைத்த ‘ஃபியூச்சர் வேர்ல்ட்’ அவற்றில் முக்கியமானது. நான்கு சுவரிலும் பூ, தரையில் பூ, நடந்தால் பூ. முழுமையாக மூழ்கும் அனுபவம் என்று விளம்பரம் செய்கிறார்கள். பெரும்பாலும் மூழ்குவது கண் மட்டும்தான், கூடவே கைத்தொலைபேசி. இருந்தாலும் அங்கே ஒரு மூலையில் பிள்ளைகள் மீன் வரைந்து வண்ணம் தீட்டுகிறார்கள். வருடியில் வைத்ததும் அந்த மீன் சுவரில் நீந்துகிறது. மற்ற அறைகளைச் சுற்றிவிட்டுக் கிளம்புகிற பிள்ளை அங்கே மட்டும் கத்துகிறது, ‘அம்மா, என் மீன்!’ அத்தனை ஒளிவீச்சும் செய்ய முடியாததை ஒரு வண்ணப் பென்சில் செய்துவிடுகிறது.

கடைசியாக முதியவர்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு மறதிநோய் என்று மனநலக் கழகத்தின் 2013 ஆய்வு சொன்னது. தேசிய அரும்பொருளகம் 2023இல், மறதிநோய் உள்ளோர் உட்பட மூத்தவர்களுக்கென்றே ‘ரீயூனியன்’ என்ற இடத்தைத் திறந்தது. பெயரும் தேதியும் நழுவிய பிறகும் கை பழகிய வேலையும் காது பழகிய பாட்டும் வெகுநாள் தங்கும் என்பதால், இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் பொருளைக் கையில் கொடுத்துப் பேசவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். தமிழ் மூதாட்டிக்கு அப்படிக் கொடுக்க வேண்டியது அஞ்சறைப் பெட்டியா, ஆழாக்கா, பூ கட்டும் வாழைநாரா என்பதை ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவருக்கும் தேக்காவில் கடை வைத்திருந்தவருக்கும் ஒரே பொருள் பேசாது. பொருள் கிடைப்பது எளிது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லும் ஊர்ப்பெயரும் உறவுமுறையும் புரிந்து, தமிழில் அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிந்த தொண்டூழியர் வேண்டும், அதுவும் வாரநாள் பகலில். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இதற்கு முன்வந்தால் நன்றாக இருக்கும்.